"எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று தாத்தாவிடம் கேட்காதீர்கள்

கடந்த வாரம் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு முதல் வருஷத் திதி கொடுத்தோம். வந்திருந்த உறவுக்காரப் பையன் ஒருவன், ஆறாம் வகுப்பு படிப்பவன், சுவரில் மாட்டியிருந்த சீருடைப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தத் தாத்தா சண்டையில எத்தனை பேரைச் சுட்டாரு அக்கா?" என்று கேட்டான். அவன் வயதில் நானும் அதே கேள்வியைத் தாத்தாவிடமே கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். என்மேல் ஏதோ கோபம் என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்காரர். 1780-இல் தொடங்கி, 1834 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய படை அது. அல்சூர் ஏரிக்கரையில் நடக்கும் எல்லோரும் அதன் மதில் சுவரைப் பார்த்திருப்பார்கள். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது ஆகியவைதான் அவர்கள் வேலை. ராணுவத்தில் அவர்களைத் 'தம்பி' என்றே அழைப்பார்கள். பஞ்சாபிக்காரர்கூட அந்தத் தமிழ்ச் சொல்லைச் சொல்லித்தான் கூப்பிடுவார் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். 1962 சீனப் போருக்குப் பிறகு பெருமளவில் ஆள் எடுத்தபோது, 1963-இல், 18 வயதில், வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தவர், 1984-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று, பயிற்சி எடுத்த ஊரிலேயே தங்கிவிட்டார்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள், கேள்வியை மாற்றி, "அங்கே என்ன வேலை செய்தீர்கள் தாத்தா?" என்று கேட்டேன். அவர் உடனே எழுந்து, உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கி வந்தார். துளசித் தொட்டி மண்ணுக்குள் ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி ஒன்றைப் புதைத்துவிட்டு, கம்பியை என் கையில் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார். நான் செங்குத்தாகக் குத்தினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினார். "நேரா குத்தினா அதோட தலையில படும் பாப்பா. சாய்ச்சுக் குத்தினா விலாவுல படும், அது சும்மா இருக்கும்." கண்ணியின் மேல்தட்டு அழுந்தினால்தான் அது வெடிக்கும், ஆகவே குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்த்து, விரலளவு விரலளவாக மண்ணைத் துழாவி, பக்கவாட்டில் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சுத்தம் செய்த வழியின் இரு ஓரமும் வெள்ளை நாடா விரித்துக்கொண்டே போனால், பின்னால் வருகிறவர்கள் இருட்டிலும் அதைப் பார்த்து நடப்பார்கள். நாலாவது குத்தில் கம்பி மூடியைத் தொட்டது. "இப்ப மூச்சு விடு" என்றார்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் நடந்த போரில், பசந்தர் ஆற்றங்கரையில் அவர் செய்ததும் அதுதான். 16-ஆம் தேதி அங்கு டாங்கிப் போரில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரம் பெற்ற 21 வயது அருண் கேதர்பாலை நாடே அறியும். முந்தைய இரவில் அந்தக் கண்ணிவெடி வயலில் படுத்து வழி திறந்துகொண்டிருந்த தம்பிகளை எத்தனை பேர் அறிவார்கள்? வேலை பாதியில் இருந்தபோதே டாங்கிகள் அக்கரைக்குப் போக வேண்டியதாயிற்று என்பது போர் வரலாற்றில் இருக்கிறது. குளிரில் விரல் மரத்துப்போனதையும், கையுறை போட்டால் கம்பி பேசுவது கேட்காது என்று அதைக் கழற்றி எறிந்ததையும் தாத்தா சொல்லித்தான் நான் அறிந்தேன்.

என் ஆதங்கம் இதுதான். அதிகாரிகளின் அனுபவங்கள் ஆங்கிலத்தில் நூலாகிவிடுகின்றன. சாப்பர், நாயக், ஹவில்தார் என்று கீழ்நிலைப் பதவிகளில் இருந்தவர்களின் அனுபவம் தமிழில் பேச்சாக இருந்து, அவர்களோடு போய்விடுகிறது. இதே படையைச் சேர்ந்த, காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில், உடனிருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போகும் கண்ணியின்மேல் தானே விழுந்து உயிர்விட்டார். வீரச்செயலுக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. அவர் பெயரை நான் பள்ளியில் கேட்டதில்லை. தாத்தா சொல்லித்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியத்துக்காக லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போவோம். கடைசி இரண்டு வருடங்களில் அவர் கைரேகை தேய்ந்துபோய், இயந்திரம் ஏற்கவில்லை. "கையை நல்லா தொடச்சிட்டு வைங்க பெரியவரே" என்று கவுன்டரில் இருந்தவர் மூன்று முறை குரலை உயர்த்தினார். கருவிழியை வைத்தும் முகத்தை வைத்தும் சான்று எடுக்க வழி இருக்கிறது. அன்று அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தாத்தா ஒவ்வொரு முறையும் வேட்டியில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். அந்த விரல்களை அப்படிப் பார்த்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் தொலைபேசியில் அவர் பேச்சு இரண்டு பதிவுகள் இருக்கின்றன; சேர்த்தால் ஒரு மணி நேரம் வராது. ஒன்றில் பாதியில் குக்கர் விசில் வந்து ஓர் ஊரின் பெயரை மறைத்துவிட்டது. பசந்தரில் அன்றிரவு அவருக்கு இடமும் வலமும் படுத்திருந்தவர்கள் யார் என்று நான் கேட்கவே இல்லை. வீட்டில் இப்படி ஒரு தாத்தா இருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேலை செய்தீர்கள், கூட யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை எழுதி வையுங்கள்.

திதிச் சாப்பாடு முடிந்ததும் அந்தப் பையனை மாடிக்கு அழைத்துப் போனேன். குடைக்கம்பி இன்னும் துளசித் தொட்டியின் ஓரத்தில்தான் இருக்கிறது. மூடியைப் புதைத்துக் கொடுத்தேன். அவனும் முதலில் நேராகத்தான் குத்தினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினேன்.