புத்தகம் தொலைந்தால் தொலையட்டும்

"சும்மா உக்காந்திருக்கிற வேலைதானே கண்ணு?"

பக்கத்து வீட்டு ஆயா ஒவ்வொரு லீவுக்கும் இதையே கேட்கும். பதினாலு வருஷமாக நானும் "ஆமா ஆயா" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஷார்ஜாவில் ஒரு இந்தியப் பள்ளியில் நூலகர் வேலை. பாப்பாரப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் இதை விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டீச்சரா என்றால் இல்லை, கிளார்க்கா என்றால் அதுவும் இல்லை. "புஸ்தகம் எடுத்துக் குடுக்கிற வேலை" என்று அம்மா சொல்லிச் சமாளிக்கும். அதற்கு எதுக்கு ப்ளேன் ஏறிப் போகணும் என்று ஆயா கேட்காமல் விட்டது அதன் பெரிய மனசு. 2022 ஜனவரியிலிருந்து ஷார்ஜாவில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை, வெள்ளி, சனி, ஞாயிறு லீவு. இதை மட்டும் யாரும் ஆயாவிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த ஆடியில் ஊருக்கு வந்த இடத்தில் ஒரு விஷயம் மனசில் கிடந்து உறுத்துகிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் வேலை என்னவென்று முதலில் சொன்னால்தான் அது ஏன் உறுத்துகிறது என்று புரியும்.

காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு பிள்ளையாக ஸ்கூல் பஸ் ஏறிவிடுவேன். முதல் பீரியட் வருவதற்குள் நேற்றுத் திரும்பி வந்ததை எல்லாம் அலமாரியில் அதனதன் இடத்தில் சேர்க்க வேண்டும். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க டூயி என்கிற அமெரிக்கர் 1876ல் போட்டுவைத்த எண் கணக்குதான் எங்களுக்கு இன்றைக்கும் பஞ்சாங்கம். டைனோசர் 567.9. எனக்கு என் ஆதார் நம்பர் மறந்தாலும் இது மறக்காது, இரண்டாம் வகுப்புப் பையன்களில் பாதிப் பேர் அந்த அலமாரிக்கு முன்னால்தான் குடியிருப்பார்கள். கிரிக்கெட் 796.358. ராஜா ராணி, பேய், பேசும் நரி எல்லாம் 398. ஆடு மாடு வளர்ப்பு 636. அங்கே அந்த அலமாரியைத் தொடுகிற ஒரே ஆள் நான்தான், அதுவும் தூசி தட்ட. நம் ஊராக இருந்தால் முதலில் காலியாவது அதுவாகத்தான் இருக்கும்.

பெரிய பெரிய விஷயங்களும் அங்கே நடக்கும். நாடு முழுக்க மார்ச் மாதம் வாசிப்பு மாதம். 1982ல் தொடங்கிய ஷார்ஜா புத்தகக் கண்காட்சி வருஷா வருஷம் நவம்பரில் களைகட்டும். 2019ஆம் வருஷத்துக்கான உலகப் புத்தகத் தலைநகரமாக யுனெஸ்கோ ஷார்ஜாவைத் தேர்ந்தெடுத்தது. எல்லாம் சரி, நல்லதுதான். ஆனால் என்னைப் பதினாலு வருஷம் அங்கே உட்காரவைத்தது அதெல்லாம் இல்லை. திரும்பி வருகிற புத்தகத்துக்குள் இருக்கிற சாமான்தான்.

ஒவ்வொரு புத்தகத்தையும் வாங்கியதும் ஒரு தரம் உதறிப் பார்ப்பேன். போர்டிங் பாஸ் விழும். மலையாளத்தில் எழுதின மளிகை லிஸ்ட் விழும். காய்ந்து அப்பளமாகிப் போன குபூஸ் ரொட்டித் துண்டு ஒரு தடவை விழுந்தது. போன வருஷம் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திருப்பிக் கொடுத்த சுறாமீன் புத்தகத்தில் டிஷ்யூ பேப்பர் மடிப்பு ஒன்று. பிரித்தால் உள்ளே ஒரு பால் பல். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. வேர்ப் பக்கத்தில் பொட்டு மாதிரி காய்ந்த ரத்தம். கூப்பிட்டுக் கேட்டேன். சுறாமீனுக்குப் பல் விழுந்து விழுந்து முளைக்கும் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறதாம், தன் பல் விழுந்ததும் அதே பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாளாம். "அப்ப சீக்கிரம் முளைக்கும்ல மேம்?" முளைக்கும் என்றேன். பல்லைத் திருப்பிக் கொடுத்தேன், புத்தகத்தையும் மறுபடி அவள் பேரிலேயே ஏற்றிக் கொடுத்தேன். ஆயாவிடம் சொன்னால் சிரிக்கும். இந்தச் சம்பளத்தில் இந்த மாதிரி ஒரு வேலை வேறெங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.

இப்போது ஊர்க் கதை.

என் அண்ணன் மகள் ஏழாவது படிக்கிறாள். "அத்தை, எங்க ஸ்கூல்லயும் லைப்ரரி பீரியட் இருக்குது, ஆனா கணக்கு சாரு எடுத்துக்குவாரு" என்றாள். இது நீங்களும் அனுபவித்ததுதான், நானும் அனுபவித்ததுதான். ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பத்துப் பன்னிரண்டு படக்கதைப் புத்தகங்களைக் கொடுக்கலாம் என்று அவளோடு பள்ளிக்குப் போனேன். நூலகப் பொறுப்பு ஓர் அறிவியல் டீச்சரிடம். சாவி அவருடைய ஸ்கூட்டி சாவி வளையத்திலேயே இருந்தது. இரும்பு பீரோவைத் திறந்ததும் ரசகற்பூர வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே பார்த்து நான் அசந்துவிட்டேன். குப்பை கூளம் இருக்கும் என்று நினைத்துப் போனவள் நான். அருமையான புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்துக் கொடுத்த, நம் மாநில அரசின் வாசிப்பு இயக்கத்துச் சின்னப் புத்தகங்கள் கட்டு கட்டாக, முனை மழுங்காமல். 'பற' கட்டுக்குச் சணல் கயிற்றில் நாலு பக்கமும் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

வெளியே கொடுத்த பதிவேட்டைப் பார்த்தேன். பதினொரு வரி. பதினொன்றும் ஆசிரியர்கள் பேரில்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சரே சொன்னார்: "எனக்கும் ஆசைதாங்க. முன்னாடி பசங்களுக்குக் குடுத்துட்டுத்தான் இருந்தேன். ஆடிட்ல 3 புஸ்தகம் கொறையுதுன்னு சொல்லி 240 ரூபா கட்டுனேன். காசு பெருசில்லீங்க. அத்தன பேர் முன்னாடி வெச்சு என்னத்தயோ திருடுன மாதிரி கேட்டாங்க பாருங்க, அன்னைக்குப் பூட்டுனதுதான்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டு வகுப்புக்குப் பாடம், சத்துணவுக் கணக்கு, ஆன்லைன் பதிவு, இதோடு நூலகமும். நானாக இருந்தாலும் பூட்டியிருப்பேன்.

என் பள்ளியில் போன வருஷ ஸ்டாக் சரிபார்ப்பில் 43 புத்தகம் வரவில்லை. பிரின்சிபாலிடம் பட்டியலைக் கொடுத்தேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டைனோசர் இத்தனை போயிருக்கே, இந்த வருஷம் இன்னும் ரெண்டு செட் சேர்த்து வாங்குங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. பணக்கார ஊர், அதனால் அப்படி என்பீர்கள். இந்தப் பேச்சை எதிர்பார்த்துத்தான் நம் சர்க்கார் விதியையே எடுத்து வைத்திருக்கிறேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215. படிக்கக் கொடுத்த 1000 புத்தகத்துக்கு 5 தொலைந்தால் அது நியாயமான இழப்பு என்று கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. நேர்மையில்லாமலோ அலட்சியத்தாலோ போனதாக இருக்கக் கூடாது, 1000 ரூபாய்க்கு மேற்பட்டதும் அரிய நூலும் போனால் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி இது, நம் பள்ளிக்கூடத்தைக் கட்டாது என்று தெரியும். ஆனால் டெல்லியில் கோப்பு பார்க்கிற ஆளுக்கே புரிந்திருக்கிறது, புத்தகம் என்றால் நாலு தொலையத்தான் செய்யும் என்று. பெஞ்சு, நாற்காலியையும் புத்தகத்தையும் ஒரே பதிவேட்டுக் கண்ணால் பார்ப்பதுதான் வினை. நாற்காலி பள்ளியை விட்டு வெளியே போனால் தப்பு. புத்தகம் பள்ளிக்குள்ளேயே கிடந்தால் தப்பு.

நம்மிடம் இதற்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலும் போகவில்லை. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர். வந்த கொஞ்ச நாளிலேயே, ஆளே வராத இந்த இடத்தில் தனியாக உட்கார முடியவில்லை, பழைய வேலைக்கே போகிறேன் என்று கேட்டவர். (ஆயா சொல்கிற 'சும்மா உக்காந்திருக்கிற வேலை' அவருக்கும்தான் கிடைத்திருக்கிறது.) பிறகு லண்டனுக்குப் படிக்கப் போய், அங்கே நூலகங்கள் ஊருக்கு நடுவில் உயிரோடு நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தபின்தான் மனசு மாறியது. 1931ல் நூலகத்துக்கென்று அவர் போட்ட ஐந்து விதிகளில் முதலாவது: புத்தகம் பயன்படுத்துவதற்கே. இதைப் போய் ஒரு விதியாக எழுதணுமா என்று படிக்கிற காலத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த பீரோவின் முன்னால் நின்றபோது வரவில்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தை அலமாரியோடு சங்கிலியில் பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் அந்தச் சங்கிலி நூலகத்தை இன்னும் காட்டுகிறார்கள். அந்தச் சங்கிலியிலும் ஒரு வசதி உண்டு, நின்ற இடத்தில் திறந்து படிக்கலாம். நம் பீரோவில் அதுவும் முடியாது.

1948லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். பொது நூலகத்துக்கு இப்படிச் சட்டமும் உண்டு, வரியும் உண்டு, நூலகர் என்று ஒரு பதவியும் உண்டு. பள்ளிக்கூடத்துப் பீரோவுக்கு ஸ்கூட்டி சாவி வளையம்தான்.

நான் பேசுவது தியரி இல்லை. நானே தொலைத்தவள். தொலைத்தவள்கூட இல்லை, தின்னக் கொடுத்தவள். ஆறாவது படிக்கும்போது பக்கத்து ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு கதைப் புத்தகம் எடுத்துக்கொண்டு ஆடு மேய்க்கப் போனேன். கடலைக்காய் பிடுங்கிப் போட்ட கொல்லை, ஓரத்தில் புளியமரம், நல்ல காற்று. தூங்கிவிட்டேன். முழித்துப் பார்த்தால் எங்கள் கறுப்பு வெள்ளாடு அட்டையையும் முன்னுரையையும் முடித்துவிட்டு முதல் அத்தியாயத்தில் இருந்தது. மூன்று நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் கடுகு டப்பாவிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொண்டு மிச்சப் புத்தகத்தோடு போய் நின்றேன். நூலகர் அய்யா அதை முன்னும் பின்னும் புரட்டினார். பல் பதிந்த இடத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"கதை நல்லாருக்குதுன்னு சொல்லுச்சா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. ஐந்து ரூபாயை என் கையிலேயே திருப்பி வைத்து, "போயி வேற எடுத்துக்க. இந்தத் தடவ மரத்து மேல ஏறிப் படி" என்றார். அந்தப் புத்தகத்தைக் கணக்கில் எப்படி முடித்தார் என்று தெரியாது. கைக்காசு போட்டிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அது என்னை இன்றைக்குக் கூச வைக்கிறது. 240 ரூபாய் கட்டிய டீச்சரும் அவரும் ஒரே இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். அவர் கட்டிவிட்டுத் திறந்து வைத்தார், இவர் கட்டிவிட்டுப் பூட்டினார். இதில் யார் நல்லவர் என்று கேட்பதே அநியாயம். இருவரையும் கட்ட வைத்ததுதான் தப்பு.

தாமதக் கட்டணத்தையே சிகாகோ பொது நூலகம் 2019லும் நியூயார்க் 2021லும் எடுத்துவிட்டன. அதற்குப் பிறகு பல வருஷமாக வராத புத்தகங்களைக்கூட ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பயந்து பதுக்கியவர்கள்தானே, பயம் போனதும் வந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் வேறு மாதிரியா இருப்பார்கள்?

எச்.எம். நல்ல மனிதர். மறுநாள் கடைசிப் பீரியட் ஏழாம் வகுப்பை எங்களிடம் விட்டார். வராண்டாவில் ஜமுக்காளம் விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். பதிவேட்டைத் தொடவில்லை, ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் பிள்ளைகளே பேர் எழுதிக்கொண்டார்கள். பாம்புப் புத்தகத்துக்கு இரண்டு பேர் சண்டை. ஒரு பெண் உட்காரவே இல்லை, நின்றபடியே ஒன்றைப் படித்து முடித்துவிட்டு வேறொன்றைப் பேரெழுதி எடுத்துக்கொண்டாள். "எத்தன நாளு வெச்சிக்கலாம்?" ஒரு வாரம். "முடிக்கலன்னா?" இன்னொரு வாரம். "தொலஞ்சிட்டா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஆடு கதையைச் சொல்லி, "ஆடு தின்னுட்டா வந்து சொல்லிடணும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கடைசி வரிசைப் பையன் மட்டும் சிரிக்காமல் எழுந்து, "எங்கூட்ல மாடுதான் மேடம்" என்றான்.

போனது 36. நேற்று வரைக்கும் 29 வந்திருக்கிறது. டீச்சர் போனில் சொல்லும்போது குரலில் கொஞ்சம் கலக்கம் இருந்தது, அதை நான் கவனிக்காத மாதிரி விட்டுவிட்டேன். அந்தப் பாம்புப் புத்தகம் இரண்டு கை மாறி இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறதாம். அதை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டார். யார் கணக்கிலும் எழுதாதீங்க டீச்சர் என்றேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

சனிக்கிழமை பெங்களூரில் ப்ளேன். பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். ராகி மாவு, சாமை, புளி, அம்மா போட்ட வத்தல், அப்புறம் என் பள்ளித் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தருமபுரியில் வாங்கின எட்டுச் சிறுவர் புத்தகங்கள். தராசு முப்பத்தொன்றரை கிலோ காட்டியது, அனுமதி முப்பது. நான் புளியை எடுத்து வெளியே வைத்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா புளியை உள்ளே வைத்து நாலு புத்தகத்தை வெளியே வைத்திருந்தது. "அங்க புஸ்தகம் கெடைக்கும், இந்தப் புளி கெடைக்குமா?"

அந்த நாலையும் அண்ணன் மகள் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.