ஜனவரி 1 கையெழுத்துப் போடுகிறது, மார்ச் கடன் கட்டுகிறது

அலமாரியை ஒழுங்கு செய்தபோது பழைய டைரிகள் நான்கு கிடைத்தன. நான்கிலும் முதல் பக்கம் ஏறக்குறைய ஒன்றேதான். தினமும் ஐந்து மணிக்கு எழுவேன், ஐம்பது புத்தகங்கள் படிப்பேன், பத்து கிலோ குறைப்பேன், புது மொழி ஒன்று கற்பேன். கையெழுத்துகூட முத்து முத்தாக இருக்கிறது. பிப்ரவரிக்குப் பிறகு எல்லாவற்றிலும் வெறும் தாள். ஒன்று ஜனவரி 17-ஆம் தேதியோடு சரி.

சோம்பேறித்தனம் என்று நெடுநாள் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் கோளாறு கணக்கில்தான் இருந்திருக்கிறது. ஐம்பது என்று எழுதியதற்கு முந்தைய வருடம் நான் படித்து முடித்தவை ஆறு. ஆறு படித்தவன் அடுத்த வருடம் எட்டோ பத்தோ படிக்கலாம். ஐம்பது எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் டிசம்பர் கடைசியில் அடுக்கிவைத்துப் படம் போட்டிருந்த புத்தகக் குவியலிலிருந்து வந்தது. என் வாழ்க்கைக்கும் அந்த எண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒரு வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே கணக்கிட்டு இப்படி அகலக்கால் வைப்பதற்கு உளவியலில் ஒரு பெயரே உண்டு: திட்டமிடல் பிழை. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வைத்த பெயர். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் சுமார் 34 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். இதில் என்னை உறுத்தியது வேறொன்று. எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொன்னது சுமார் 49 நாள். மோசமான நிலையை நினைத்துப் போட்ட கணக்கைக்கூட நிஜம் தாண்டிவிட்டது!

ஜனவரி 1 ஏமாற்றுகிற நாள். பலருக்கு விடுமுறை, மனம் லேசாக இருக்கும், கையில் புது டைரி. அன்றைக்குத் தீர்மானம் எழுதுகிற ஆள் வேறு. மார்ச் மாதத்துப் புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தலைவலியோடு வீடு திரும்புகிற ஆள் வேறு. முதல் ஆள் ஜம்பமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். கடனைக் கட்ட வேண்டியவர் இரண்டாம் ஆள். அதனால் இப்போதெல்லாம் எந்தத் தீர்மானத்தையும் அந்தப் புதன்கிழமை ஆளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தினமும் பத்துப் பக்கம் படிப்பாயா என்றால் முனகிக்கொண்டே சம்மதிக்கிறார். ஐம்பது பக்கம் என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

பத்துப் பக்கமெல்லாம் ஓர் இலக்கா என்று நண்பர் ஒருவர் சிரித்தார். மூன்றில் ஒரு பங்கு நாள்களைத் தவறவிட்டாலும் வருடத்துக்கு 2,400 பக்கங்கள் வருகின்றன. இருநூறு பக்கப் புத்தகம் என்றால் பன்னிரண்டு. நான் பெருமையாக எழுதிவைத்த ஐம்பது தந்ததைவிட இது எவ்வளவோ மேல்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. சற்றுக் கடினமான, தெளிவான இலக்கு இருந்தால் மனிதர்கள் நன்றாக உழைக்கிறார்கள் என்று எட்வின் லாக், கேரி லாதம் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் திறமையும் மனமும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தேதான் சொல்கின்றன. நாம் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடிவிடுகிறோம்.

இடையில் ஒன்று. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், முகம் மாறிய நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோனது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் சாதாரண அன்றாடப் பழக்கங்களை வைத்துப் பார்த்தபோது, படிந்துபோக ஆன காலத்தின் இடைநிலை 66 நாள்; அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை மாறியது. ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. இது தெரியாமல் ஜனவரி 17-இல் ஒரு டைரியையே மூடிவைத்திருக்கிறேன்.

பத்து கிலோவையும் மாற்றிவிட்டேன். எடை என் சொல்லைக் கேட்காது, கால்கள் கேட்கும். அதனால் அரை மணி நேர நடை, வாரத்தில் நான்கு நாள்.

இந்த வருட டைரியின் முதல் பக்கத்தில் இரண்டே வரிகள். புது மொழியை அடித்துவிட்டேன். அடித்தபோது கொஞ்சம் வலித்தது, ஒருவேளை அடுத்த வருடம் மறுபடி எழுதுவேன். ஐந்து மணிக்கு எழுவதை அடித்தபோது வலிக்கவே இல்லை.