ஒட்டிய காதும் பூசிய கறுப்பும்

"கைவினைப் பொருள்களில் சிறு வேறுபாடுகள் இருப்பது இயல்பு." என் புகாருக்கு ஆன்லைன் கடையிலிருந்து இன்று காலை நான்காவது முறையாக இதே வரி வந்திருக்கிறது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. வேறுபாடு இருந்தால் நான் ஏன் கத்தப்போகிறேன்? வாங்கியது இரண்டு சுடுமண் குதிரைகள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இரண்டுக்கும் இடது முழங்காலில், அதே இடத்தில், அதே அளவில் ஒரு பரு. அச்சில் ஒரு குழி இருந்திருக்கிறது, அது இரண்டிலும் அப்படியே விழுந்திருக்கிறது. இதைத்தான் சக்கரத்தில் வனைந்த மேற்கு வங்கத்துப் பாங்குரா குதிரை என்று படம் போட்டு, ஜோடி 3,400 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் காதைப் பிடித்தேன். மண் குதிரை சேர்க்கிற யாருக்கும் கை அங்கேதான் போகும். இலை மாதிரி நிமிர்ந்து நிற்கிற அந்தக் காதுகளையும் வாலையும் தனியாகச் செய்து, உடம்பில் விட்டிருக்கும் குழியில் செருகுவார்கள். வேண்டும்போது கழற்றலாம். தூரப் பயணத்தில் முதலில் உடைவது காதுதான் என்பதால், குயவர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு அது. எனக்கு வந்த குதிரையின் காதோ அசையவில்லை. குனிந்து பார்த்தால் சுற்றிலும் பசை! மஞ்சளாக வழிந்து, காய்ந்து, அதில் தூசி வேறு ஒட்டியிருக்கிறது.

சரி, கறுப்பாவது ஒழுங்காக இருக்கிறதா என்று குளம்பில் நகத்தை வைத்தேன். தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே செக்கச்செவேல். பாங்குரா மாவட்டத்தில் இந்தக் குதிரைகளைச் செய்யும் ஊரான பாஞ்ச்முராவில் கறுப்புக் குதிரைக்கு யாரும் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதில்லை. சூளையின் புகைவழிகளை அடைத்துவிடுவார்கள், வெளியேற முடியாத புகை மண்ணிலேயே ஏறிக் கறுக்கும். புகைவழியைத் திறந்து வைத்துச் சுட்டால் சிவப்பு. ஒரே மண், ஒரே சூளை, நெருப்பை நடத்துகிற விதத்தில்தான் நிறம். அதைக் கற்க ஒருவருக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கும்? அந்த இடத்தில் ஒரு கோட்டு எனாமலை அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

போன் போட்டேன். 22 நிமிடம். "உடைஞ்சிருக்கா மேடம்?" இல்லை என்றேன். "அப்போ டேமேஜ் இல்லையே மேடம்." காதை ஒட்டியிருக்கிறீர்கள் என்றேன். "கழன்று விழக்கூடாதுன்னு ஒட்டியிருப்பாங்க மேடம், அது எக்ஸ்ட்ரா கேர்." கழலத்தான் வேண்டும் என்றேன். எதிர்முனையில் அமைதி. நெற்றியிலிருந்து அடிவயிறு வரை அச்சுக்கோடு ஓடுகிறது, அதைத் தேய்த்துக்கூட விடவில்லை என்றேன். "ஹேண்ட்மேட்னா அப்படித்தான் இருக்கும் மேடம்."

அந்த இடத்தில்தான் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. கையால் செய்ததில் அச்சுக்கோடு எப்படி வரும்? கையால் வனைந்தது எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். காலும் கழுத்தும் உடம்பும் சக்கரத்தில் தனித்தனியாகச் சுற்றி எடுத்தவை, எல்லாம் உள்ளே கூடு. காதைக் கழற்றிக் குழி வழியே டார்ச் அடித்தால் விரல் ஓடிய வளையங்கள் தெரியும். இணைத்த இடத்தில் ஈர மண்ணை இழுத்துத் தடவிய தடம் இருக்கும். ஒரு கழுத்து மற்றதைவிட அரை விரல் சாய்ந்திருக்கும். அது குறையே இல்லை, அதற்காகத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம். புதுக்கோட்டைப் பக்கம் அய்யனாருக்குப் புரவி செய்யும் வேளார் ஒருவர், விரலை மடக்கித் தட்டிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தார். நன்றாக வெந்ததும் விரிசல் இல்லாததும் கணீர் என்று கேட்கும். இந்த இரண்டும் டொக் டொக் என்கின்றன, ஈரப் பலகையைத் தட்டுவது மாதிரி.

திருப்பி அனுப்பவாவது விடுகிறார்களா? காரணம் கேட்டு மூன்றே கட்டங்கள்: உடைந்தது, தவறான பொருள், பிடிக்கவில்லை. 'தவறான பொருள்' என்று போட்டேன், படம் ஒத்துப்போகிறது என்று நிராகரித்தார்கள். 'பிடிக்கவில்லை' என்று போட்டால் அனுப்பும் செலவு 480 ரூபாய் என் தலையில். எனக்குப் பிடிக்காமல் இல்லையே! இந்தக் குதிரையைப் பிடித்துப்போய்ப் பதினோரு வருடமாகச் சேர்க்கிறேன். 2018இல் பாஞ்ச்முராச் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னவள் நான். அந்த ஊர்ப் பெயரை ஒட்டி இந்தப் பொய்யை விற்றால், அங்கே மண் பிசைகிறவருடைய குதிரையை யார் வாங்குவார்கள்? அதன் விலையைப் பார்த்துவிட்டு, "ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்றுதானே பேரம் பேசுவார்கள்?

ஐந்தாவது முறையாக எழுதப்போகிறேன். நகம் பட்டு உரிந்த குளம்பின் படம், பருவின் படம் இரண்டு, பசையின் படம், எல்லாவற்றையும் சேர்த்து.

எழுதலாம் என்று உட்கார்ந்தால் கீழ் வீட்டில் காலை ஆறு மணியிலிருந்து சுவரில் துளை போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐயா, ஞாயிற்றுக்கிழமை! ஒவ்வொரு முறை அந்த மெஷின் இறங்கும்போதும் என் அலமாரி அதிர்கிறது, உண்மையான குதிரைகளின் காதெல்லாம் குழிக்குள் கடகடவென்று ஆடுகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினான்கு காது ஆயிற்று, இன்னும் நிறுத்தவில்லை.