வலிக்காத வாய்ப்புண் ஆபத்தற்றதா?

"வலி இல்லாத வாய்ப்புண் புற்றுநோயாக இருக்காது, திசுப் பரிசோதனை செய்தால்தான் பரவும்" என வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தியின் இரு பகுதிகளும் தவறானவை. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை; நாக்கின் ஓரத்திலோ கன்னத்தின் உட்புறத்திலோ தோன்றும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண், தடிப்பு ஆகியவை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

திசுப் பரிசோதனையால் (புண்ணிலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி) புற்றுநோய் பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலை, மது, பாக்கு ஆகியவை முக்கியக் காரணங்கள் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது (புகையிலை கலக்காத பாக்கும் இதில் அடங்கும், அந்தச் செய்தியோ இதைப் பற்றி வாயே திறக்கவில்லை).

அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம்; ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் பதிவிடுங்கள்.