ஏர் பேக் பொருத்தினால் மோட்டார்ஹோமின் சுமை வரம்பு உயராது

பழைய சிறிய மோட்டார்ஹோமின் (தங்கும் வசதியுள்ள வண்டி) பின் சஸ்பென்ஷனில் ஏர் பேக்கோ (ஸ்பிரிங்குக்குத் துணையாகும் காற்றடைத்த பை; விபத்தில் விரியும் பை அல்ல) கூடுதல் லீஃப் ஸ்பிரிங்கோ பொருத்திவிட்டால், தயாரிப்பாளர் குறித்த எடை வரம்பைத் தாண்டிச் சுமை ஏற்றலாம் என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு.

நாள்பட்டுத் தொய்ந்த ஸ்பிரிங்குக்கு ஏர் பேக் துணைநிற்கும், வண்டியின் பின்புறத்தை உயர்த்தும், பக்கவாட்டுச் சாய்வையும் ஓரளவு குறைக்கும் என்பவை உண்மையே. ஆனால் அது ஆக்சிலுக்கும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) சேஸிக்கும் (வண்டியின் அடிச்சட்டகம்) இடையில் அமர்வதால், சுமை முழுவதும் முன்போலவே ஆக்சில், பேரிங், சக்கரம், டயர் வழியாகத்தான் தரையை அடைகிறது. நிறுத்த வேண்டிய பிரேக்கும் பழையதே. இவற்றுள் மிக வலுக்குறைந்த உறுப்பே வரம்பைத் தீர்மானிக்கிறது.

சிறிய மோட்டார்ஹோம்களில் பின் ஆக்சிலுக்கு அப்பால் உடற்பகுதி நீண்டிருப்பது இச்சிக்கலைக் கூட்டுகிறது. முன், பின் ஆக்சில்களுக்கு இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 90 கிலோ பொருளை வைத்தால், பின் ஆக்சிலில் 120 கிலோ கூடும். முன் ஆக்சிலில் 30 கிலோ குறையும். முன்சக்கரங்களின் பிடிப்பு தளர்வதால் திருப்பங்களில் கட்டுப்பாடும் குறைகிறது. ஏர் பேக் இக்கணக்கை மாற்றுவதில்லை. வண்டியை மட்டமாக நிற்கவைத்து, அதிகச் சுமை கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது, என் பார்வையில் இதுவே பெரிய ஆபத்து.

சாதாரண ஷாக் அப்சார்பரை மாற்றுவதும் ஆட்டத்தைத்தான் அடக்கும், எடையைத் தாங்காது. ஆகவே முழுச் சுமையுடன் ஒவ்வோர் ஆக்சிலையும் தனித்தனியே எடைபோட்டு, வண்டியின் தகட்டிலுள்ள வரம்போடு ஒப்பிட்ட பின்னரே எந்த மேம்பாட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.