சருகு யாருக்குச் சொந்தம்?

(செல்வி தோட்டத்து மூலையில் மட்கு குவியலைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பாக்கியம் தண்ணீர் வாளியுடன் ஓடி வருகிறார். பாதித் தண்ணீர் ஏற்கெனவே அவர் புடவையில்.)

பாக்கியம்: தள்ளு செல்வி, தள்ளு! குப்பையிலிருந்து புகை வருகிறது!

செல்வி: ஐயோ, ஊற்றிவிடாதீர்கள் அக்கா! அது நீராவி. உள்ளே நுண்ணுயிர்கள் குப்பையைத் தின்கிற சூடு. 60 டிகிரி வரைக்கும்கூடப் போகும்.

பாக்கியம்: அறுபதா? எனக்கு 38 வந்தாலே மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறேன்.

செல்வி: 55க்கு மேல் சில நாள் நின்றால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும்.

பாக்கியம்: இந்த வம்பெல்லாம் எதற்கு? பையில் கட்டிப் போட்டால் வண்டி வந்து எடுத்துப் போகிறது. போகிற இடத்திலும் மட்கத்தானே போகிறது?

செல்வி: அங்கே கொட்டி அமுக்கி மூடிவிடுகிறார்கள். காற்றே போகாது. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். கரியமில வாயுவைவிட 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிற வாயு அது. 20 ஆண்டுக் கணக்கென்றால் 80 மடங்கு.

பாக்கியம்: நான் போட்ட காய்கறித் தோலா இத்தனை வேலை பார்க்கிறது? வீட்டில் இருந்தவரை சும்மாத்தானே கிடந்தது!

செல்வி: இங்கே கிளறிக் காற்றுப் படவிட்டால் மீத்தேன் அவ்வளவாக வராது.

பாக்கியம்: மீத்தேன் இருக்கட்டும். போன வாரம் இங்கிருந்து ஒரு நாற்றம் வந்தது. என் வீட்டுக்காரர் என் சமையலைச் சந்தேகப்பட்டார்.

(இதற்கு முன் சந்தேகப்பட்டதில்லையா என்று செல்வி கேட்கவில்லை. விவரமானவள்.)

செல்வி: ஈரக் கழிவு கூடிவிட்டது அக்கா. அதில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25, 30 பங்கு கார்பன் வேண்டும். என்னிடம் சருகு போதவில்லை. நீங்களோ தினமும் கொளுத்துகிறீர்கள்.

பாக்கியம்: உன் மரம் என் வாசலில் கொட்டினால் வேறென்ன செய்வது? மரத்தை வெட்டு வெட்டு என்று தொண்டை கிழியக் கத்தி, இப்போதுதான் ஒரு கிளை இறங்கியிருக்கிறது.

செல்வி: சருகைக் கொளுத்தினால் நுண்துகள் நேரே நுரையீரலுக்குள் போகும். என் ஆவிக்கு வாளியோடு ஓடி வந்தீர்கள், உங்கள் புகைக்கு?

பாக்கியம்: அது எனக்குத் தெரிந்த புகை!

செல்வி: கொளுத்தாமல் எனக்குக் கொடுங்கள். சில மாதத்தில் கறுப்பு உரமாகிவிடும். மண்ணில் கலந்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். செடிக்கு ஊற்றுகிற தண்ணீரும் மிச்சம், மூட்டை உரத்தின் செலவும் மிச்சம்.

பாக்கியம்: (வாளியைக் கீழே வைத்து) எல்லாம் என் சருகிலிருந்தா?

செல்வி: உங்கள் சருகா? என் மரத்துச் சருகு அக்கா!

பாக்கியம்: கூட்டும்போது என்னுடையது, உரமாகும்போது உன்னுடையதா? பாதி உரம் எனக்கு.

செல்வி: பாதியா! தோல் என்னுடையது, கிளறுவதும் நான். கால் பங்கு தருகிறேன்.

பாக்கியம்: கிளற என் வீட்டுக்காரர் வருவார். பாதி.

செல்வி: அவர் சம்மதிப்பாரா?

பாக்கியம்: டாக்டர் சொன்ன உடற்பயிற்சி என்று சொல்லிவிடுகிறேன். அது கிடக்கட்டும், என் பக்கம் சாய்ந்திருந்த அந்தக் கிளையை யாரைக் கேட்டு வெட்டினாய்?

செல்வி: நீங்கள்தானே அக்கா தினமும் சண்டை போட்டீர்கள்!

பாக்கியம்: சண்டையில் ஆயிரம் சொல்வேன். அதற்காக வெட்டிவிடுவதா?