சிக்குவது காரல்ல, கேரவன்
"மணலில் சிக்கினால் கார் டயரில் காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் போதும்" என்று மணலில் சிக்கிய வண்டியை மீட்பது பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. ஆஸ்திரேலியாவின் டனாமி போன்ற பாலைவனத் தடங்களில் பெரும்பாலும் காரைப் பிடித்து நிறுத்துவது பின்னால் இழுத்து வரும் வீட்டு வண்டியான கேரவன்தான். அதன் டயர்களிலும் காற்றை இறக்க வேண்டும். 40, 50 பிஎஸ்ஐயில் விட்டால் மணலை அறுத்துக்கொண்டு அச்சு வரை புதைந்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். சக்கரம் வெறுமனே சுழன்றதும் நிறுத்தி, டயருக்கு முன்னாலும் அச்சுக்கு அடியிலும் மணலை வாரி எடுங்கள். அப்படியும் நகரவில்லையா, கேரவன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு அதைக் காரிலிருந்து கழற்றுங்கள். கேரவனின் முன்முனையைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீலுக்கு அடியில் பலகை போட மறந்தால் அதுவும் உள்ளே போய்விடும், பிறகு மறுபடி மாட்டுவது பெரும்பாடு. கார் கெட்டித் தரைக்குப் போன பின், கேரவனை நீளப் பட்டையால் மெதுவாக இழுக்கலாம். மேலே கருத்து எழுதிய ஒருவர் பட்டையை டோ பாலில், அதாவது கேரவனை மாட்டும் காரின் பின்பக்க உருண்டையில், மாட்டச் சொல்கிறார். தயவுசெய்து வேண்டாம்! அந்த உருண்டை திடீர் இழுப்புக்காகச் செய்யப்பட்டதல்ல. முறிந்தால் தோட்டாவாகப் பறக்கும், ஆஸ்திரேலியாவில் அப்படி உயிர்களே போயிருக்கின்றன. தாங்கும் எடை பொறித்த ஷாக்கிளும் (பட்டையை மாட்டும் இரும்பு வளையம்) அதைக் காரில் பொருத்துவதற்கான ஹிட்சும் வாங்கி வையுங்கள். ஆஸ்திரேலியாவின் இன்னொரு மண் பாதையான ஊட்னடாட்டா தடத்தில் மழைக்குப் பிந்தைய களிமண் வேறு கதை: காற்றை இறக்கினாலும் பெரிதாகப் பிடிமானம் வராது, காயும்வரை வண்டியை விட்டு நகராமல் காத்திருக்க வேண்டியதுதான்.